மூக்கு டியூபா, வயித்து டியூபா: எங்க வீட்டுல அந்த முடிவு எடுத்த கதை

பெங்களூர்ல யாரைப் பார்த்தாலும் முதல்ல கேக்குறது "ஊட்டா ஆய்த்தா"தான், சாப்ட்டாச்சான்னு. லிங்கராஜபுரத்துல எங்க தெரு பூக்காரம்மால இருந்து மாடி வீட்டு கன்னடக்காரங்க வரைக்கும் என் சின்னவன் கன்னத்தைத் தொட்டு இதைத்தான் கேப்பாங்க, நானும் ஆச்சு ஆச்சுன்னு சொல்லிட்டு உள்ள வந்துடுவேன், ஆனா அந்த ஆச்சுக்கு எத்தனை மணி நேரம் ஆச்சுன்னு எனக்கும் அத்தைக்கும் (மாமியாரை அத்தைன்னுதான் கூப்பிடுவேன்) மட்டும்தான் தெரியும்.

சின்னவனுக்கு செரிபிரல் பால்சி, அதாவது மூளையில ஏற்பட்ட பாதிப்பால உடம்பு அசைவு அவன் கட்டுப்பாட்டுல வராது. இந்தப் பிள்ளைங்க எவ்வளவு நகர முடியும்ங்கிறதை 1ல இருந்து 5 வரைக்கும் லெவல் போட்டு சொல்லுவாங்க, இவன் 5, அதாவது தலை நிக்காது, தானா உக்கார முடியாது, எல்லாத்துக்கும் ஆள் வேணும். இப்ப அவனுக்கு 9 வயசு. நான் எழுதப்போறது அவனுக்கு 6 வயசு நடந்தப்ப நடந்தது. அப்ப அவன் எடை 10 கிலோ 800. எங்க பெரியவ ரெண்டரை வயசுலயே அதைவிட அதிகம் இருந்தா.

ஊட்டுறதுன்னா எப்படின்னு சொல்லிடறேன். இடது கையில அவன் தலையைத் தாங்கிப் பிடிச்சு, பருப்பு சாதத்தை குழைய மசிச்சு நெய் விட்டு, சின்ன ஸ்பூன்ல நுனியில மட்டும் எடுத்து, நாக்கோட நடுவுல வெச்சு லேசா அழுத்தணும், இல்லைன்னா நாக்கு அதை அப்படியே வெளிய தள்ளிடும். தள்ளினதை தாடையில இருந்து வழிச்சு திரும்ப உள்ள. ஒரு வாய் இறங்குறதுக்கு சில நேரம் ஒரு நிமிஷம் ஆகும். ஒரு வேளைக்கு 50 நிமிஷம், ஒரு மணி நேரம். இப்படி மூணு வேளை, நடுவுல பால், ஃபிட்ஸ் மருந்து ரெண்டு வேளை. கடைசியில கிண்ணத்துல பாதி, துண்டுல கால்வாசி, மிச்சம் அவன் வயித்துல. ஆனாலும் எனக்கு ஒரு பெருமை இருந்துச்சு, என் பிள்ளைக்கு வாயாலதான் ஊட்டுறேன்னு.

அந்த ஒரு வருஷத்துல மூணு தடவை நிமோனியா. மூணாவது அட்மிஷன்ல ஒரு காலையில ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் கட்டில் கால்மாட்டுல நின்னுட்டு, ஃபைலைப் பார்த்துக்கிட்டே, இவனுக்கு வயித்துல டியூப் (வயித்துல ஒரு ஓட்டை போட்டு, அது வழியா சாப்பாட்டை நேரா உள்ள ஊத்துறது) போட்டுடலாம், டிஸ்சார்ஜ்க்கு முன்னாடி சர்ஜன் கிட்ட டேட் வாங்கிக்கோங்கன்னு சொல்லிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டாரு. ரெண்டு நிமிஷம் கூட இருக்காது. ஏன், எதுக்கு, எவ்வளவு நாளைக்கு, வேற வழி இருக்கா, ஒண்ணும் சொல்லல. நான் ஊட்டுறதை அந்த ஆஸ்பத்திரியில யாரும் ஒரு தடவை கூட உக்காந்து பார்த்ததில்லை. அவர் சொன்ன வைத்தியம் தப்பு இல்லைன்னு எனக்கு இப்ப தெரியும், ஆனா சொன்ன விதத்தால நான் ஓடிப்போனேன், ஓடிப்போன அந்த பத்து மாசம் என் பிள்ளைக்குத்தான் நஷ்டம், அதை நினைச்சா இப்பவும் மனசு அடிச்சுக்குது.

நம்ம குடும்பங்கள்ல டியூப்ங்கிற வார்த்தையே வேற. எங்க மாமனாருக்கு கடைசி நாள்ல மூக்குல டியூப் போட்டிருந்தாங்க, எங்க அம்மா வீட்டுப் பாட்டிக்கும் அப்படித்தான், அதனால டியூப்னாலே இனிமே ஒண்ணுமில்லைங்கிற அர்த்தம்தான் எங்க எல்லார் மனசுலயும். அத்தை அன்னைக்கு ராத்திரி வாசல் படியில உக்காந்துக்கிட்டு, "சோறு ஊட்ட நாம ரெண்டு பேரு இருக்கோம், வயித்துல ஓட்டை எதுக்கும்மா"ன்னு ஒரே அழுகை. இவரு எதுவுமே பேசல.

அப்புறம் சின்னவன் போற ஸ்பெஷல் ஸ்கூல்ல இருக்குற தெரபிஸ்ட்தான், இன்னொரு ஆஸ்பத்திரியில சாப்பாட்டுப் பிரச்சினைக்குன்னே ஒரு டீம் ஒண்ணா உக்காந்து பார்க்குறாங்க, போய்ப் பாருங்க, டியூப் போட்டுக்கிறதும் போட்டுக்காததும் அப்புறம் இருக்கட்டும்னு அனுப்பி வெச்சாங்க. அங்க போனப்புறம்தான் இந்த முடிவு எப்படி எடுக்கணும்னு நான் கத்துக்கிட்டேன். இதை எழுதறதே, எங்கேயோ ஒரு வார்டுல கால்மாட்டுல நின்னு ரெண்டு நிமிஷத்துல சொல்லிட்டுப் போன வார்த்தையைக் கேட்டுட்டு உக்காந்திருக்குற இன்னொரு அம்மாவுக்காகத்தான்.

முதல் நாள் யாரும் டியூப்னே வாய் திறக்கல. ஸ்பீச் தெரபிஸ்ட் (பேச்சு மட்டும் இல்ல, முழுங்குறதும் அவங்க வேலைதான்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது) வீட்டுல இருந்து கொண்டு வந்த சாப்பாட்டை வீட்டுல மாதிரியே ஊட்டுங்கன்னு சொல்லிட்டு, ஃபோன்ல டைம் வெச்சுக்கிட்டு என் பக்கத்துல சும்மா உக்காந்தாங்க. 48 நிமிஷம். நடுவுல ஒரு வார்த்தை பேசல. முடிஞ்சதும், "அம்மா, ஒரு வேளை சாப்பாடு தினமும் 30 நிமிஷத்தைத் தாண்டுதுன்னாலே அதை நாங்க ஒரு அறிகுறியா எடுத்துக்குவோம், நீங்க சரியா ஊட்டலைன்னு இல்ல, அவனுக்கு சாப்பிடறதே ஒரு கடுமையான வேலையா இருக்கு, சாப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள களைச்சுப் போயிடறான்"னாங்க. ஆறு வருஷத்துல நான் ஊட்டுறதை உக்காந்து பார்த்துட்டு ஒருத்தர் பேசினது அதுதான் முதல் தடவை. நான் அழுதுட்டேன்.

டயட்டீஷியன் மூணு நாள் டைரி எழுதச் சொன்னாங்க, என்ன குடுத்தோம், எவ்வளவு வெளிய வந்துச்சு, எவ்வளவு நேரம், மூஞ்சி எப்படி இருந்துச்சு, எத்தனை தடவை ஒண்ணுக்கு, மலச்சிக்கல் இருக்கான்னு எல்லாம். நிக்க முடியாத பிள்ளைக்கு உயரம் எப்படி எடுக்குறதுன்னா முழங்கால்ல இருந்து குதிகால் வரைக்கும் அளந்து கணக்குப் போடுறாங்க. கை மேல்பக்கம் சுற்றளவு, அப்புறம் இடுக்கி மாதிரி ஒண்ணுல கைக்குப் பின்னாடி சதையைப் பிடிச்சு கொழுப்பு எவ்வளவுன்னு ஒரு அளவு. எடையை மட்டும் வெச்சு இந்தப் பிள்ளைங்களை மத்த பிள்ளைங்களோட ஒப்பிடக்கூடாது, எலும்பும் தசையும் வேற மாதிரி வளரும், அதனால தோல் மடிப்பு அளவுதான் உண்மையைச் சொல்லும்னு விளக்கினாங்க. நரம்பு டாக்டர் கேட்டது வேற, ஃபிட்ஸ் மருந்து சிரப்ல எவ்வளவு துண்டுக்குப் போகுதுன்னு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஃபிட்ஸ் நிக்கலைன்னு டோஸைக் கூட்டிக்கிட்டே போனோம், ஆனா மருந்துல எவ்வளவு உள்ள போகுதுன்னு அதுவரைக்கும் யாரும் கேட்டதே இல்ல.

பிறகு அந்த எக்ஸ்ரே வீடியோ. இதைக் கொஞ்சம் விவரமாச் சொல்லணும்.

நமக்கெல்லாம் சாப்பிடறப்ப புரை ஏறும், இருமுவோம், கண்ணுல தண்ணி வரும், பக்கத்துல இருக்குறவங்க தலையில தட்டி யாரோ நினைக்கிறாங்கன்னு சொல்லுவாங்க. இருமல் வந்தாத்தான் புரைன்னு நான் நினைச்சிருந்தேன். சின்னவன் சாப்பிடறப்ப இருமவே மாட்டான், அதனால அவனுக்கு புரையே ஏறலைன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருந்தேன். எக்ஸ்ரே ரூம்ல அவனுக்குன்னு ஒரு நாற்காலியில பக்கவாட்டுல சாய்ச்சு உக்கார வெச்சாங்க, எனக்கு கனமான ஈய ஏப்ரன், நான் கொண்டு போன பால்லயும் ராகிக் கூழ்லயும் பருப்பு சாதத்துலயும் பேரியம்னு ஒரு வெள்ளைப் பொடியைக் கலந்தாங்க, ஸ்க்ரீன்ல அது கருப்பாத் தெரியும். முதல்ல கெட்டியா மசிச்ச சாதம், மெதுவா, ரொம்ப மெதுவா, தொண்டையில கொஞ்ச நேரம் நின்னுட்டு பின்பக்கக் குழாய்ல இறங்குச்சு. கூழும் ரெண்டு ஸ்பூன் சரி. பிறகு பால். மூணாவது மடக்குல, நூல் மாதிரி ஒரு கருப்புக் கோடு முன்பக்கமா, மூச்சுக்குழாய்க்குள்ள இறங்குறதை என் கண்ணால பார்த்தேன். இருமுவான்னு அவன் மூஞ்சியைப் பார்த்தா, அவன் என்னைப் பார்த்து சிரிச்சுக்கிட்டு இருக்கான்.

சைலண்ட் ஆஸ்பிரேஷன்னு பேரு. சத்தமே இல்லாத புரை. தொண்டையில உணர்ச்சி குறைவா இருந்தா இருமலே வராதாம். ஒவ்வொரு நாளும் காலையில நான் குடுத்த பால்ல கொஞ்சம் நுரையீரலுக்குப் போயிருக்கு, எத்தனை வருஷமா போச்சுன்னு யாருக்குத் தெரியும். அன்னைக்கு ஆட்டோவுல வீட்டுக்கு வர்ற வழி முழுக்க அவனை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு வந்தேன், ஒண்ணும் யோசிக்க முடியல.

அதுக்கப்புறம்தான் டியூப் பேச்சு, அதுவும் மூக்கு வழியா முதல்ல. ஏன்னா இவ்வளவு மெலிஞ்ச பிள்ளைக்கு மயக்க மருந்து குடுக்குறது ஆபத்து, கொஞ்சம் தேத்தணும், ரெண்டாவது, வயித்துல நேரா போற சாப்பாட்டை அவன் தாங்குறானா வாந்தி எடுக்குறானான்னு தெரிஞ்சுக்கணும். மூக்கு டியூப் கொஞ்ச வாரத்துக்குத்தான், மாசக்கணக்குல டியூப் தேவைப்படும்னு தெரிஞ்சா வயித்து டியூபைப் பத்தி யோசிக்கணும்ங்கிறது பொதுவா உலகம் முழுக்க இருக்குற வழக்கம். எங்களுக்கு 6 வாரம்.

அந்த 6 வாரம் பெரும் பாடு. மூக்கு நுனியில இருந்து காது மடல், அங்க இருந்து நெஞ்செலும்புக்குக் கீழ தொப்புளுக்கு நடுவுலன்னு அளந்து டியூப்ல மார்க்கர்ல கோடு போட்டுத் தந்தாங்க, ஒவ்வொரு வேளையும் அந்தக் கோடு மூக்குல அதே இடத்துல இருக்கான்னு பார்க்கணும், சிரிஞ்ச்ல கொஞ்சம் இழுத்து பி.ஹெச். பேப்பர்ல (அமிலம் எவ்வளவுன்னு காட்டுற பேப்பர்) வெக்கணும், 5.5ஓ அதுக்குக் கீழயோ வந்தா வயித்துலதான் இருக்கு, அதுக்கு மேல வந்தா ஒரு சொட்டு கூட ஊத்தக்கூடாது. டேப் ஒட்டி ஒட்டி கன்னம் புண்ணாச்சு. ரெண்டு தடவை பிடுங்கிப் போட்டுட்டான், கை வராத பிள்ளைக்கு அதுக்கு மட்டும் கை எப்படியோ வந்துச்சு. பஸ்ல ஏறினா எல்லாரும் அவன் மூக்கையே பார்ப்பாங்க. ஆனா எடை 700 கிராம் கூடுச்சு, அந்த 6 வாரத்துல ஃபிட்ஸ் பாதியா குறைஞ்சுது, மருந்தை மாத்தவே இல்ல, முழுசா உள்ள போச்சு அவ்வளவுதான்.

பிறகு அந்த மீட்டிங். ஒரு சின்ன ரூம், வட்டமா நாற்காலி, நரம்பு டாக்டர், கேஸ்ட்ரோ டாக்டர் (வயிறு, குடல் பார்க்குறவங்க), சர்ஜன், ஸ்பீச் தெரபிஸ்ட், டயட்டீஷியன், டியூப் பார்த்துக்குற நர்ஸ், சோஷியல் வொர்க்கர். வீட்டுல யார் யார் ஊட்டுறாங்களோ எல்லாரும் வரணும்னு சோஷியல் வொர்க்கர் முன்னாடியே சொல்லியிருந்ததால அத்தையும் வந்தாங்க, பட்டுப்புடவை கட்டிக்கிட்டு, கோவிலுக்குப் போற மாதிரி. தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூணும் கலந்துதான் பேச்சு.

எனக்கு அங்க ரொம்பப் பிடிச்சது என்னன்னா, டாக்டருங்க எங்க முன்னாடியே ஒருத்தருக்கொருத்தர் ஒத்துக்காம பேசினாங்க. சர்ஜன் சொன்னாரு, இவனுக்கு எதுக்களிக்குற தொந்தரவு இருக்கு, டியூப் போடறப்பவே வயித்தோட மேல்பாகத்தை உணவுக்குழாயைச் சுத்தி சுருட்டித் தைக்குற ஆபரேஷனையும் சேர்த்துப் பண்ணிடலாம், ரெண்டு தடவை மயக்க மருந்து வேண்டாம்னு. கேஸ்ட்ரோ டாக்டர் வேண்டாம்னாங்க, மூக்கு டியூப்ல 6 வாரம் வாந்தி பெருசா இல்ல, அந்த ஆபரேஷன் பண்ணினா ஏப்பம் விட முடியாம வயிறு உப்புற பிள்ளைங்க இருக்காங்க, முதல்ல டியூப் மட்டும் போட்டு மருந்துல பார்ப்போம், முடியலைன்னா அப்புறம் பண்ணலாம்னு. ரெண்டு பேரும் அவங்கவங்க காரணத்தை எங்களைப் பார்த்துச் சொன்னாங்க. இவரு, அன்னைக்குத்தான் முதல் தடவையா வாயைத் திறந்து, உங்க பிள்ளையா இருந்தா என்ன பண்ணுவீங்கன்னு கேக்கல, இதுல எதைத் திரும்ப மாத்த முடியும், எதை மாத்த முடியாதுன்னு கேட்டாரு. டியூபை எடுத்துடலாம், எடுத்தா ஓட்டை பெரும்பாலும் தானா மூடிடும், தைச்சதைப் பிரிக்குறது கஷ்டம்னாங்க. அதோட எங்க முடிவு ஆச்சு.

இன்னொண்ணு, இந்த டியூப் போட்டா நிமோனியா நின்னுடுமான்னு நான் கேட்டதுக்கு கேஸ்ட்ரோ டாக்டர் உறுதியா சொல்ல முடியாதுன்னாங்க. எச்சிலும் மூச்சுக்குழாய்க்குப் போகும், வயித்துல இருந்து எதுக்களிச்சு வர்றதும் போகும். செரிபிரல் பால்சி பிள்ளைங்கள்ல டியூப் போட்டவங்களையும் போடாதவங்களையும் குலுக்கல் முறையில பிரிச்சு ஒப்பிட்ட ஆராய்ச்சியைத் தேடிப் பார்த்தவங்களுக்கு அப்படி ஒண்ணு கூட கிடைக்கல, ஆனா 2005ல ஆக்ஸ்ஃபோர்டுல இருந்து வந்த ஒரு ஆய்வுல 57 பிள்ளைங்களை ஒரு வருஷம் தொடர்ந்து பார்த்ததுல எடை நல்லா ஏறுச்சு, பார்த்துக்குறவங்களோட நிலைமையும் தேறுச்சு, எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்னு சொன்னாங்க. தெரியாததைத் தெரியாதுன்னு சொன்ன அந்த டாக்டரை நம்பித்தான் நான் கையெழுத்துப் போட்டேன்.

அத்தை எல்லாத்தையும் கேட்டுட்டு கடைசியில கேட்டாங்க, "எல்லாம் சரி டாக்டரம்மா, வாயில ருசியே இல்லாம பிள்ளை எப்படி வளரும்?" ரூம்ல கொஞ்ச நேரம் யாரும் பேசல. ஸ்பீச் தெரபிஸ்ட் நாற்காலியை இழுத்துப் போட்டு அத்தை முன்னாடி உக்காந்து, வீடியோவுல கெட்டியா குடுத்தது நல்லபடியா இறங்குச்சு பாட்டி, அதனால தினமும் ரெண்டு மூணு ஸ்பூன் கெட்டியா நீங்க ஊட்டலாம், உக்கார வெச்சு, அவன் தூக்கக் கலக்கமா இல்லாதப்ப, வயிறு நிரப்புறதுக்கு இல்ல, ருசிக்கு மட்டும், தண்ணியா எதுவும் வேண்டாம்னு சொல்லி, எந்த ஸ்பூன், எந்த சாய்மானம்னு கையைப் பிடிச்சுக் காட்டினாங்க. அத்தை அப்பதான் சரின்னு தலையை ஆட்டினாங்க. பத்து மாசத்துக்கு முன்னாடி அந்த வார்டுல யாராவது இதைச் சொல்லியிருந்தா நாங்க அன்னைக்கே சரின்னு சொல்லியிருப்போம்.

டயட்டீஷியன் ஒரு தாளை எடுத்து, டியூப் போட்டா ஒரு வருஷத்துல என்ன நடக்கணும்னு ஆசைப்படறீங்கன்னு கேட்டு எழுதிக்கிட்டாங்க. எடை, ஆனா அளவா, ஏன்னா நடக்காத பிள்ளைக்கு அதே வயசுப் பிள்ளை அளவுக்கு கலோரி தேவையில்ல, டியூப்ல ஊத்துறது சுலபம்ங்கிறதால கொழுப்பு போட்டுடும், தூக்குறவங்க முதுகு போயிடும். ரெண்டாவது மருந்து. மூணாவதா நான் தயங்கித் தயங்கி, பெரியவளுக்கு சாயங்காலம் ஒரு மணி நேரம் பக்கத்துல உக்காந்து பாடம் சொல்லித் தரணும்னு சொன்னேன். இதெல்லாம் சொல்லலாமான்னு இருந்துச்சு. அவங்க அதையும் மத்த ரெண்டு மாதிரியே வரிசை நம்பர் போட்டு எழுதிக்கிட்டாங்க. வீட்டுல ஃபிரிட்ஜ் இருக்கா, மிக்சி இருக்கா, எனக்கு ஜுரம் வந்தா யாரு ஊத்துவாங்க, நிராமயா இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கோமான்னு சோஷியல் வொர்க்கர் கேட்டாங்க (தேசிய அறக்கட்டளை நடத்துறது, செரிபிரல் பால்சி பிள்ளைங்களுக்கு 1 லட்சம் வரைக்கும் கவர், எடுக்காதவங்க எடுத்து வைங்க).

ஆபரேஷன்னு நாங்க பயந்தது வயித்தைக் கிழிக்குற ஆபரேஷனே இல்ல. வாய் வழியா எண்டோஸ்கோப்பை (நுனியில கேமராவும் லைட்டும் இருக்குற குழாய்) விட்டா அதோட வெளிச்சம் வயித்துத் தோல்ல தெரியும், டார்ச்சை உள்ளங்கையில வெச்சா செவப்பா தெரியுமே அது மாதிரி, அந்த இடத்துல ஊசி குத்தி நூலை உள்ள விட்டு, வாய் வழியா வெளிய இழுத்து, அதுல டியூபைக் கட்டி திரும்ப வயித்து வழியா இழுத்துடறாங்க. 1979ல அமெரிக்காவுல கிளீவ்லாண்ட்ல காடரர், பான்ஸ்கின்னு ரெண்டு டாக்டருங்க இதை முதல் முதலா செஞ்சது நாலரை மாசக் குழந்தைக்கு. பெரியவங்களுக்கு வந்த வைத்தியத்தை குழந்தைக்குக் குடுக்குறாங்கன்னு நினைச்சிருந்தேன், குழந்தைக்குன்னே யோசிச்சதாம் இது.

எல்லாம் சுகமா நடந்துச்சுன்னு சொல்ல மாட்டேன். ஓட்டையைச் சுத்தி செவப்பா சதை வளர்ந்து ரத்தம் கசியும், அதுக்கு மருந்து. ராகியை நல்லா வடிகட்டாம ஊத்தி டியூப் அடைச்சுக்கிட்டு வெந்நீர் விட்டு விட்டு ஒரு மணி நேரம் போராடினோம். நீள டியூபை எடுத்துட்டு பட்டன் (வயித்துத் தோலோட ஒட்டி இருக்குற குட்டி டியூப்) வெச்சப்புறம் ஒரு நாள் ராத்திரி 2 மணிக்கு உள்ள இருக்குற பலூன் உடைஞ்சு பட்டன் வெளிய வந்துடுச்சு. சில மணி நேரத்துலயே ஓட்டை சுருங்க ஆரம்பிச்சுடும்னு நர்ஸ் சொல்லிக் குடுத்திருந்தாங்க, புதுசா போட்ட வாரங்கள்ல இப்படி ஆனா கையே வைக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடி வாங்க, ஓட்டை பழகினப்புறம்னா ஸ்பேரை உள்ள விட்டு வெச்சுட்டு வாங்கன்னு. நடுங்குற கையோட நான்தான் விட்டேன். அவன் தூங்கிக்கிட்டே இருந்தான்.

ஒரு வருஷத்துல 13 கிலோ 900. நிமோனியா ஒரு தடவை வந்துச்சு, மூணு இல்ல. பெரியவளுக்கு கணக்குல மார்க் ஏறிடுச்சு.

மூக்கு டியூப்லயே போதும்னு முடிவெடுத்த குடும்பத்தையும் அங்க பார்த்தேன், டியூபே வேண்டாம், கெட்டியா மட்டும் குடுத்து பார்க்குறோம்னு முடிவெடுத்த குடும்பத்தையும் பார்த்தேன், அதே டீம் அவங்களுக்கும் அதே மரியாதையோட மூணு மாசத்துல வாங்க பார்ப்போம்னு தேதி குடுத்து அனுப்புனாங்க. உங்க டாக்டர் டியூப்னு சொன்னா பயந்து எங்கள மாதிரி ஓடிடாதீங்க, முழுங்குறதைப் பார்த்தீங்களா, வாயால எவ்வளவு குடுக்கலாம், எதுக்காகப் போடறோம், எப்ப திரும்பப் பார்ப்போம்னு கேளுங்க, பதில் சொல்ல நேரமில்லைன்னா பதில் சொல்ற இடத்தைத் தேடிப் போங்க, ஆனா சீக்கிரம் போங்க.

எங்களுக்கு அடுத்த ரிவ்யூ வருது. முதுகெலும்பு வளைவு கூடியிருக்கு, எதுக்களிக்குறதும் கொஞ்சம் அதிகமாயிருக்கு, அதனால அந்தத் தைக்குற ஆபரேஷன் பேச்சு திரும்ப வரும்னு நர்ஸ் ஃபோன்லயே சொல்லிட்டாங்க. மூணு நாள் டைரி எழுத ஆரம்பிச்சிருக்கோம், இந்த தடவை பெரியவதான் எழுதுறா. நேத்து ராத்திரி எடுத்துப் பார்த்தேன், "1 மணி: டியூப்ல 200 மில்லி, 20 நிமிஷம். 4 மணி: பாட்டி பாதாமி மாம்பழம் மசிச்சு 3 ஸ்பூன். இன்னும் வேணும்னு வாயைத் திறந்தான்"னு எழுதியிருக்கா.